ஜெயசீலி அம்மாவின் மூன்று சாட்சிகள்

அன்று காலை நான் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரிப் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு பழைய போட்டோவின் நகல். ஒரு ஜீப், அதற்கு முன்னால் நான்கு அதிகாரிகள், ஓரத்தில் ஜீப் கதவைப் பிடித்தபடி ஒரு டிரைவர். அதிகாரிகளின் பெயர்கள் படத்தின் பின்புறமே இருந்தன. டிரைவரின் பெயர் இல்லை. இரண்டு பேர் ஏற்கெனவே ஒரு பெயரைச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பஸ் ஏறிப் போயிருந்தேன்.

பட்டறையின் பழைய மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது நம்ம கமால் பாய் ஆச்சே. கமால் பாட்சா."

"நிச்சயமா தெரியுங்களா?"

"இன்னாங்க இப்பிடி கேக்குறீங்க? சட்டைப் பையைப் பாருங்க, சீப்பு எட்டிப் பாக்குது. தலையில முடி கம்மி, சீப்புக்கு மட்டும் மரியாதை ஜாஸ்தி. வேற யாரு இப்பிடி?"

உடனே, என்னை அனுப்பியிருந்த ஜெயசீலி அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவர் தங்கை அமலி. "அக்கா விடிய காலையில தவறிட்டாங்க ஐயா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "அந்த டிரைவர் பேரு கமால் பாட்சாம்மா. மூணாவது ஆளும் சொல்லிட்டாரு" என்றேன். துக்க வீட்டில் இதையா சொல்வார்கள் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. அமலி, "இருங்க ஐயா, பேனா எடுத்துக்கினு வரேன்" என்றார்.

ஜெயசீலி அம்மா எப்படிப்பட்டவர் என்று தெரியாதவர்களுக்கு இந்த ஒன்றே போதும். அவர் வீட்டில் சாவு விழுந்த காலையிலும் ஒரு பெயர் வந்தால் எழுதிக்கொள்வார்கள்.

அம்மாவின் நினைவு மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு ஒரு பக்கத்தில் அடக்கி எழுதத் தெரியாது. போட்டால் முழுவதும் போடுங்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மீதியை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்வராயன் மலைமேல் மண்ணையும் மழையையும் பயிரையும் ஆராய ஒரு சிறிய நிலையம் இருந்தது. அதில் நான் களப் பணியாளனாக இருந்தேன். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றி, எத்தனை கோடு வரை நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது என் வேலை. என் எண்கள் வருடக் கடைசியில் ஆண்டறிக்கையில் அச்சாகும். இங்கிலீஷ் அறிக்கை. அதில் என் எண்களைத் தேடப் போய், அகராதியை வைத்துக்கொண்டு சுற்றியிருந்த வார்த்தைகளையும் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் தெரிந்த பிறகு எனக்குத் தெரியவந்தது ஒன்றுதான்: எந்த அறிக்கையிலும் என் பெயர் இல்லை. அளந்தவன் நான், கையெழுத்து அவர்களுடையது. இந்தக் குறை எனக்கு இன்றும் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக நடிக்கவும் மாட்டேன்.

நிலையத்தை மூடியபோது அங்கிருந்த அறிக்கைகள், குறிப்பேடுகள், போட்டோ ஆல்பங்கள் எல்லாம் சாக்கில் கட்டப்பட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. ஜெயசீலி அம்மா அங்கே நூலகர். கிடங்கைக் காலி செய்ய வேண்டும் என்று ஒருநாள் பழைய பேப்பர் வாங்குகிறவரை வரச் சொல்லிவிட்டார்கள். தராசு வந்துவிட்டது. அம்மா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, "எடை போடறதுன்னா என்னையும் சேத்துப் போடுங்க" என்றாராம். இதை எனக்குச் சொன்னவன் நூலக உதவியாளன் சகாயம். வடக்கனந்தல்காரன், எனக்கு முன்பே பழக்கம். "பேப்பர்காரரு சிரிச்சிட்டாருங்க ஐயா. மேடம் சிரிக்கல. அவரு தராசைத் தூக்கிக்கினு போயிட்டாரு" என்றான்.

அதன்பிறகு அவர் அந்தச் சாக்குகளைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றத் தொடங்கினார். கல்லூரியின் சொந்த வளாகப் படங்களையும் அதோடு சேர்த்தார். யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் பார்க்கலாம் என்கிற டிஜிட்டல் நூலகம். இது உங்கள் வேலை இல்லையே என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். வேலை முடிந்த பிறகுதான் செய்கிறேன் என்று பதில் சொன்னார். பல வருடம் அப்படித்தான் செய்தார், ஓய்வு பெற்ற பிறகும் வந்து செய்தார். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுகிறவனை அவர் இரண்டாம் முறை உள்ளே விடமாட்டார். எலி கடித்த தாளையும் ஏற்றுவார். ஒன்றும் எழுதாத வெற்றுத் தாளையும் ஏற்றுவார். எதற்கு என்று கேட்டேன். "வுட்டுட்டா, அங்க இருந்ததைக் கிழிச்சது யாருன்னு நாளைக்கு ஒருத்தர் கேப்பாரு ஐயா. ஒண்ணும் இல்லைங்கிறதுக்கும் ஆதாரம் வேணும்."

நான் அவரை முதலில் பார்த்தது சண்டைக்குப் போன அன்று. மலைப் படங்கள் கணினியில் வந்திருப்பதாகச் சகாயம் சொன்னான். போய்ப் பார்த்தேன். ஒரு படத்தில் தொப்பி வைத்த அதிகாரி, மழைமானி, பக்கத்தில் குடுவையைத் தூக்கிப் பிடித்த ஒல்லியான ஒருவன். படத்தின் பின்னால் முன்பு யாரோ எழுதி வைத்திருந்ததை அப்படியே கீழே போட்டிருந்தார்கள்: 'மழைமானியைப் பார்வையிடும் அதிகாரி, உடன் ஒரு கூலியாள்.'

"அந்தக் கூலியாள் நான்தான். பேரு தனகோட்டி. போடுங்க" என்றேன். நூலகம் என்பதையும் மறந்து சத்தமாகவே சொன்னேன்.

அவர் என்னை ஒருமுறை, படத்தை ஒருமுறை பார்த்தார். "நீங்கதான்னு யாரு சொல்றது?"

"நான்தான் சொல்றேன். எதிர்லதான நிக்கிறேன்?"

"தன் பேரைத் தானே சொன்னா அது சாட்சி இல்லீங்க ஐயா. மனு. மனுவை வாங்கிக்கிறேன். சாட்சி மூணு கொண்டாங்க."

சொல்லிவிட்டு, என் கண்ணெதிரே 'கூலியாள்' என்பதை அழித்துவிட்டு 'பெயர் இன்னும் தெரியவில்லை' என்று அடித்தார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. உயிரோடு எதிரில் நிற்பவனைத் தெரியவில்லை என்று எழுதுகிறாரே என்று கத்தினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "கூலியாள்னு போட்டா அதோட முடிஞ்சிப்போச்சி. யாரும் தேடமாட்டாங்க. தெரியலன்னு போட்டாத்தான் தேடணும்."

அந்த மூன்று சாட்சிச் சட்டம் அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்பத்தில் யாரோ ஒருவர் சொன்னதை நம்பி ஒரு படத்தில் ஒரு பெயரைப் போட்டுவிட்டார். தியாகதுருகத்திலிருந்து ஒரு பெண் வந்து, "எங்கப்பா மூஞ்சிக்கு எவன் பேரையோ எழுதி வெச்சிருக்கீங்களே, இது அடுக்குமா?" என்று அழுதிருக்கிறார். அம்மா அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். அன்று முதல் மூன்று பேர். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. பதிவு செய்கிறவர் சாட்சியாக இருக்கக்கூடாது. பெயர் கிடைத்தால், அந்தக் குடும்பத்துக்குப் படத்தின் ஒரு நகல்.

என் சாட்சிகளைத் தேடி வெள்ளிமலைச் சந்தைக்கு அவரோடு நானும் போனேன். அவர் படங்களைச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சாமை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் படத்தை நீட்டி, "இதுல யாரையாவது தெரியுதுங்களா?" என்று மட்டும் கேட்டார். இது இன்னாரா என்று கேட்கவே மாட்டார். பெரியவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தாங்க, தனகோட்டி, மழை அளப்பனே" என்றேன். "ஆமாமா, தனகோட்டிதான்" என்றார் பெரியவர்.

ஜெயசீலி அம்மா படத்தைப் பைக்குள் வைத்தார். "உங்க வாயால ஒரு சாட்சி போச்சி" என்றார். "அவரு சொன்னாரே" என்றேன். "அவரு சொல்லல, நீங்க சொன்னதைத் திருப்பிச் சொன்னாரு. போய் பஸ் நிக்கிற இடத்துல நில்லுங்க. நான் கூப்பிட்டா வாங்க." என் பெயரைத் தேடும் இடத்தில் நான் இருக்கக்கூடாது என்று விரட்டினார். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். அவர் திரும்பி வந்தபோது மூன்று பெயர்கள் எழுதிய துண்டுச் சீட்டு கையில் இருந்தது. மறுநாள் படத்தின் கீழே என் பெயர் ஏறிற்று. அதிகாரியின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். அதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

படம் ஒன்று போதாது என்று எனக்குத் தோன்றியது. மழை அளவுப் பட்டியல்களிலும் அளந்தவர் பெயர் வரவேண்டும் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. சாக்கில் என் களக் குறிப்பேடுகள் இருந்தன. அவற்றையும் ஸ்கேன் செய்து, அறிக்கைகளோடு சேர்த்து, அளந்தவர் தனகோட்டி என்று போடலாம் என்றார். மங்கிப்போன பென்சில் எழுத்தைப் படிப்பதற்காக அவர் கணினியில் படத்தைக் கறுப்பாக்கிப் பார்ப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க எண்ணுக்கு அடியில கோடு கோடா இருக்குதே. யாரு போட்டது?"

"பழைய பேப்பரு. மடிப்பா இருக்கும்."

"மேல முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. அடியில மூணு பெரிய கோடு, ரெண்டு சின்னக் கோடு. மடிப்புக்கு எண்ணத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான்கு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

தெரியாமல் இல்லை. ஊரில் நான் குத்தகைக்கு எடுத்த நிலம் கொஞ்சம் இருந்தது. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் நடவு, களை என்று நான் மலையிலிருந்து இறங்கிவிடுவேன். சில நாளில் திரும்புவேன், சில முறை இரண்டு வாரமும் ஆகும். மேலே தெரிந்தால் வேலை போய்விடும். அந்த நாட்களில் மழைமானியைத் திறந்தது என் மனைவி பூங்காவனம். அவளுக்கு எழுதத் தெரியாது. பத்துக்கு ஒரு பெரிய கோடு, ஒன்றுக்கு ஒரு சின்னக் கோடு என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். நாளுக்கு ஒரு வரியாகக் கோடு போட்டு வைப்பாள். நான் திரும்பி வந்ததும் எண்ணிப் பார்த்து எண்ணாக எழுதி, கோடுகளை ரப்பரால் அழித்துவிடுவேன். முதலில் அது பயத்தினால். நிலையமே மூடிப் பல வருடம் ஆன பிறகு என்ன பயம்? பயம் போன பிறகும் பொய் மட்டும் தங்கிவிட்டது. மலை மழையெல்லாம் நான் அளந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயரை மறைத்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இதனால் குறையவில்லை. அது வேறு, இது வேறு. ஆனால் ரப்பர் பிடித்தது என் கைதான்.

ஐந்தாவது மாதம் ஜெயசீலி அம்மா எங்கள் ஊருக்கே பஸ்ஸில் வந்து இறங்கினார். பூங்காவனம் முறத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா கீழே உட்கார்ந்து தானும் இரண்டு உரித்து வாயில் போட்டுக்கொண்டு, பையிலிருந்து குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலை எடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இதுல எதுனா தெரியுதாம்மா?"

பூங்காவனம் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "இது நான் போட்ட கோடு ஆச்சே. பெருசு பத்து, சிறுசு ஒண்ணு." பிறகு என்னைப் பார்த்தாள். "ரப்பரு போட்டு அழிச்சிட்டேன்னு சொன்னியேய்யா. நீ அழிச்ச லட்சணம் இதானா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சிரித்து முடித்து அவர் சொன்னார்: "இந்தம்மா சொல்றது மனு. மலைமேல விசாரிச்சிட்டேன். தண்ணி எடுக்கப் போன பொம்பளைங்க ரெண்டு பேரு தனித்தனியா சொல்லிட்டாங்க. காலையில இந்தம்மா கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சிக்கினு நிக்குமாம். மூணாவது ஆளு நீங்க."

"வேற ஆளு கிடைக்காதா?" என்றேன்.

"கிடைப்பாங்க. எனக்கு நீங்க வேணும்."

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது. நான் திரும்பி வந்தபோது அம்மா கிளம்பியிருந்தார். அவர் உரித்த மல்லாட்டைத் தோல் மட்டும் ஓரமாகக் குவிந்திருந்தது.

"இன்னாத்துக்கு எம் பேரு? ரேஷன் கார்டுல இருக்குதே, அது போதாதா?" என்றாள் பூங்காவனம். நான் நிம்மதியாக மூச்சுவிடப் போனேன். அவள் முறத்தில் புடைத்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள். "ஆனா ஒண்ணு. ஒரு நாளு கூட மணி தப்பல. இடி வுழுந்து எதிர் மரம் எரிஞ்ச அன்னிக்குக் கூட போய்த் தொறந்து பாத்தேன். அது எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். நூலகத்தில் அம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "பூங்காவனம் அளந்தா. நான் அழிச்சேன்" என்றேன். பாராட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் பாராட்டவில்லை. கணினியைத் திறந்தார். "ரெண்டையும் போடட்டுமா, அளந்ததை மட்டும் போடட்டுமா?" என்று கேட்டார். அது நிஜமான கேள்வி. எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டார். "ரெண்டையும் போடுங்க" என்றேன். போட்டார். எந்த எந்த வருடம், எந்த எந்தத் தேதி என்று கோடு தெரிந்த ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து கேட்டார். உட்கார்ந்து சொன்னேன். மதியம் தாண்டிவிட்டது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "டீ குடிக்கிறீங்களா ஐயா, இல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டணுமா?" என்றார்.

அந்தப் பதிவு இப்போதும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'ஐப்பசி, கார்த்திகை அளவீடுகள் பல: பூங்காவனம். எண்ணாக எழுதிக் கோடுகளை அழித்தவர்: தனகோட்டி. அடியில் மங்கலாகத் தெரியும் பென்சில் கோடுகளே மூல அளவீடு.' மற்ற மாதங்களுக்கு அளந்தவன் நான். அதுவும் எழுதியிருக்கிறது.

பூங்காவனத்தை ஒருநாள் அழைத்துப்போனேன். பெயரைப் படித்துக் காட்டினோம். அவளுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. கோடுகளைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். திரையில் விரலை வைத்துத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். திரையைத் தொட்டால் எங்களையெல்லாம் அதட்டுகிற ஜெயசீலி அம்மா, அவள் எண்ணி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். "சரியா இருக்குதா?" என்று கேட்டார். "சரியாத்தான் இருக்குது" என்றாள் பூங்காவனம்.

அதற்குப் பிறகு நான் அவருடைய ஆள் ஆகிவிட்டேன். பெயர் தெரியாத படங்களை ஒரு பழுப்பு உறையில் போட்டு என்னிடம் கொடுப்பார். நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பேன். இப்போது எனக்குப் பேசாமல் நிற்கத் தெரியும்.

அடக்கத்தன்று அவருடைய ஊர்க் கோயிலில் பாதிரியார் பூசை செய்து முடித்தபோது வெளியே நிற்க இடமில்லை. முதல் பஸ்ஸில் மலையிலிருந்து வந்து இறங்கியவர்கள் பலர் கையில் அவர் கொடுத்த நகல் இருந்தது. சிலர் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். "நீங்க யாருங்க?" "சாமைக்கொல்லை படத்துல ரெண்டாவது வரிசை, மூணாவது ஆளு என் மாமனாருங்க." "அப்பிடியா? நாலாவது எங்கப்பாரு." அமலி கூட்டத்தில் என்னைத் தேடிவந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம், அன்று போனில் கேட்டு எழுதியது: 'கமால் பாட்சா, டிரைவர். மூன்று பேர் சொன்னது.' அதைச் சகாயம் அந்த வாரமே ஏற்றிவிட்டான்.

மலருக்கு அம்மாவின் படம் வேண்டும் என்றார்கள். அத்தனை ஆயிரம் பக்கம் ஏற்றியவரின் படம் அந்த நூலகத்தில் ஒன்றுதான் கிடைத்தது. கல்லூரி ஆண்டு விழாக் குழுப் படம். பழைய குறிப்பில் 'முதல்வர், பேராசிரியர்கள் மற்றும் பலர்' என்று இருந்ததாம். அந்த 'மற்றும் பலரை' எடுத்துவிட்டு, தோட்டக்காரர், பெருக்குகிற அம்மா வரை எல்லாருடைய பெயரையும் இடமிருந்து வலமாக அவரே போட்டிருக்கிறார். வலது ஓரத்தில், படத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு, ஒரு கட்டு அறிக்கையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் நிற்கிறார். கண்ணாடி, சிறிய சிரிப்பு. அங்கே எழுதியிருப்பது: 'பெயர் இன்னும் தெரியவில்லை.'

"அன்னிக்கே கேட்டேங்க ஐயா" என்றான் சகாயம். "என் பேரை நானே போட்டா அது மனு ஆச்சே சகாயம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க." இப்போதாவது போட்டுவிடுகிறேன் என்று கணினியில் கை வைத்தான். "எடு கையை" என்றேன். "பதியறவன் சாட்சி இல்ல. மூணு பேரு வரட்டும்."

நகலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பூங்காவனத்திடம் நீட்டி, இதில் யாரையாவது தெரிகிறதா என்று மட்டும் கேட்டேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. "இந்த ஓரத்துல நிக்கிறது, கோடு எண்ண வுட்ட அம்மா. ஜெயசீலி" என்றாள். அது ஒன்று. நான் இரண்டு.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பழுப்பு உறை. அதில் இன்னும் பெயர் கிடைக்காத பதினொரு படங்கள் இருக்கின்றன. கால் நடக்கிற வரை போய்க் கேட்பேன். பன்னிரண்டாவதாக இந்தப் படத்தையும் அதில் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது சாட்சிக்கு உங்களைக் கேட்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்த பிறகுதான் தெரிகிறது, பெயரை நானே பத்து இடத்தில் சொல்லிவிட்டேன். அம்மா இருந்தால் என் வாயால் இன்னொரு சாட்சி போயிற்று என்று பஸ் நிற்கிற இடத்துக்கு விரட்டியிருப்பார். இதைப் படித்த நீங்கள் யாரும் இனிச் சாட்சிக்கு ஆகமாட்டீர்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் இதைப் படிக்காத ஒருவர் இருப்பார். அவரும் என்றைக்காவது அம்மாவைப் பார்த்திருப்பார். எதிர்ப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பெயர் போடாமல் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை மடித்து மறைத்துவிட்டு அதை மட்டும் அவரிடம் காட்டுங்கள். இது ஜெயசீலியா என்று கேட்காதீர்கள். இதில் யாரையாவது தெரிகிறதா என்று கேளுங்கள். பிறகு, அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும், பேசாமல் நில்லுங்கள்.